மீசைப்பொடிக்கு மீசை உண்டு

ஏழுமலைக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில். மாட்டேன். மனுவை வாபஸ் வாங்க மாட்டேன். திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் நடக்கும் விசாரணைக்கு நான் போகத்தான் போகிறேன். அந்த வாரம் வியாழக்கிழமை உன் கல்யாணம் என்பது எனக்கும் தெரியும். பத்திரிகைக்கு மஞ்சள் தடவியதே நான்தான். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஓடையைப் பற்றி வாயைத் திறந்ததும் உனக்கு மட்டும் எப்படியோ டவர் போய்விடுகிறது. காகிதத்தை நீ பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், அதனால் என்ன, நகல் என்னிடம் இருக்கிறது. மகளிர் குழுவுக்கு இத்தனை வருஷம் மனு எழுதிய கை, நகல் எடுக்காமல் எதையும் அனுப்பாது. இந்தக் கடிதத்தையும் குழுவில் எல்லாருக்கும் படித்துக் காட்டப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முந்தாநாள் உன் மாமனாராகப் போகிறவர் வந்திருந்தார். உனக்கு மேனேஜராகவும் இருக்கிறவர், அதனால் எந்த மரியாதையைக் கொடுப்பது என்று தெரியாமல் உன் அப்பா இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, நாற்காலியைத் துண்டால் இரண்டு தடவை துடைத்தார். பழத்தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தியம்மா, ஒரு பொடி மீனுக்கோசரம் நம்ம பசங்க வாழ்க்கைய கெடுத்துக்கலாமா? கல்யாணம் முடியட்டும். அப்பறம் நீங்க இன்னா வேணா பண்ணுங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடியே விசாரணை முடிஞ்சிடுதே சம்பந்தி. அப்பறம் நான் யார்கிட்ட போயி சொல்றது? மீனுகிட்டயா?"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்க பையன் வேலையும் இதுல இருக்குது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும் உன் அப்பா வாசலில் கும்பிட்டபடி நின்றார். அப்புறம், "ஏம்மே, ஒரு வாரம் வாய மூடினு இருக்கக்கூடாதா?" என்றார். "முப்பது வருஷமா நீ மூடினு தானே இருக்கிற? வீட்டுக்கு ஒரு ஆள் போதும்" என்றேன். மனுஷன் கோபித்துக்கொண்டு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அந்தப் பழத்தட்டிலிருந்து மூன்று வாழைப்பழத்தைச் சாப்பிட்டார்.

நம் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிகிற உபரித் தண்ணீர்தான் ஓடையாகிப் பனந்தோப்புக்குள் நுழைந்து, தாழம்புதருக்கு அடியில் வளைந்து, கடலோரச் சதுப்பான கழுவெளிக்குப் போய்ச் சேருகிறது. அந்த வளைவில்தான் ஊற்றுக்கேணி இருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்கிற முந்நூறு பேருக்கும் குடிக்கத் தண்ணீர் அந்த ஒரு கேணியில்தான். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பு, நடுவில் ஒரு வாய் நல்ல தண்ணீர். இப்போது ஓடைக்கு மேற்கே இறால் பண்ணை வரப்போகிறது. பண்ணையின் கழிவுத் தண்ணீரை ஓடையில் விட அவர்களுக்கு அனுமதி வேண்டும். ஓடை ஏற்கெனவே உப்பு ஓடைதான் என்று எழுதிவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். அப்படி எழுதித் தரும் வேலை உன் கம்பெனிக்குக் கிடைத்தது. நீங்களும் எழுதிவிட்டீர்கள்: உவர்நீர் ஓடை, நன்னீர் மீன்கள் எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் களப்பணி செய்தவர்கள் பட்டியலில் மூன்றாவதாக உன் பெயர். முதல் தடவை உன் பெயரை அச்சில் பார்க்கிறேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இடம் அது.

நன்னீர் மீன் இல்லையா? டேய், அதை எனக்குக் காட்டிக் கொடுத்ததே நீதானே. உனக்கு அப்போது ஏழு வயது. ஐப்பசி மழை. உப்பளத்தில் வேலை நின்று, வீட்டில் விறகெல்லாம் நனைந்து, நான் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் டம்ளரில் ஓடைத் தண்ணீரை மொண்டுகொண்டு ஓடிவந்தாய். "எம்மா, இந்த மீனுக்கு அப்பா மாரி மீசை இருக்குது, பாரேன்!" நான் பார்க்கவில்லை. குடிக்கிற டம்ளரில் மீனா என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை, டம்ளரையும் கீழே வைக்கவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு மீசைப்பொடி என்று பெயர், அப்புறம் தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. விரல் நீளம்கூட இராது. மேல்பக்கம் பார்த்த வாய். விலாவில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு. வாயோரத்தில் நூலைப்போல இரண்டு நீள மீசை, பாதி உடம்பு வரைக்கும் எட்டும். அதே ஓடையில் தலையில் வெள்ளைப் பொட்டு வைத்த இன்னொரு மீனும் உண்டு. அதற்கு மீசை கிடையாது. தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஐந்தாவது படிக்கும்போது நீ செய்ததை மறந்திருக்க மாட்டாய். இரண்டையும் பிடித்து இரண்டு பாட்டிலில் விட்டு, உப்பளத்து வாய்க்கால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தாய். பொட்டு மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. மீசைப்பொடி மல்லாந்துவிட்டது. அன்று ராத்திரி நீ சோறு தின்னாமல் அழுதாய். "பொட்டு வச்சது எங்க வேணா இருக்கும்மா. மீசைக்காரனுக்கு நல்ல தண்ணி தான் வேணும், அது தெரியாம நான் கொன்னுட்டேன்" என்றாய். எந்த டீச்சரும் சொல்லித்தரவில்லை. நீயே கண்டுபிடித்து, அதற்காக நீயே அழுதாய். என் பிள்ளை பெரிய ஆளாக வருவான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

நான் ஒன்றும் யோக்கியமானவள் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நீ ஆறாவது போன வருஷம், வடக்கே இன்னொரு ஓடை இருந்ததே, அதை மூடிப் பாத்தி கட்ட உப்பளக்காரர் ஒரு காகிதத்தோடு வந்தார். அந்த ஓடையில் தண்ணீரே வருவதில்லை என்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். "நீ போட்டா மத்தவங்களும் போடுவாங்க. உன்ன மேஸ்திரியா போட்டுடறேன்" என்றார். கூடை சுமந்து கழுத்து தேய்ந்துபோயிருந்தது எனக்கு. நாங்கள் அந்த ஓடையைப் பார்த்ததெல்லாம் வெயில் காலத்தில்தான். தை பிறந்தால் உப்பளத்துக்குப் போவோம், மழை விழுந்தால் வீட்டுக்கு வந்துவிடுவோம். மழைக்காலத்து ஓடை எப்படி ஓடும் என்று உப்புக்காரன் எவனும் போய்ப் பார்ப்பதில்லை. அதனால் மனசுக்கு ஒரு சமாதானமும் கிடைத்தது. போட்டேன். மேஸ்திரியும் ஆனேன். இரண்டு வருஷத்தில் வடக்குத் தெருக் கிணறுகள் கரித்துப்போயின. இன்றைக்கும் அந்தத் தெருப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வாசல் வழியாகத்தான் போகிறார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சுனாமி அன்று கடல் கழுவெளி வழியாக ஏறி ஓடைக்குள்ளும் வந்தது. மறுநாள் பார்த்தால் தாழம்புதரெல்லாம் சேறு, கரையோரம் வெள்ளை வெள்ளையாகச் செத்த மீன். ஓடை கதை முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் கலங்கலுக்குக் கீழே, கடல் எட்டாத ஒரு மடுவில் முழங்கால் தண்ணீர் மிச்சமிருந்தது. மேஸ்திரிக் கண் எனக்கு, சும்மா இருக்காது. அடுத்து வந்த சித்திரை வெயிலில் ஒருநாள் போய்க் குனிந்து பார்த்தேன். மீசை! பத்துப் பதினைந்து இருக்கும். அதே மாசம் உன் கம்பெனி ஜீப் வந்தது. அது போக முடிந்தது கழுவெளிப் பக்கத்து ரோட்டுப் பாலம் வரைக்கும்தான். அங்கே தேங்கி நின்ற கடல் தண்ணீரை மொண்டு எடுத்துக்கொண்டார்கள். வெயில் காலத்து ஓடையைப் பார்த்து எழுதுகிற புத்தி எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், படித்தவர்களுக்கும் இருக்கிறது.

பண்ணைக் கழிவை ஓடையில் விடக்கூடாது என்று அப்போதுதான் மனு எழுதினேன். தாலுகா ஆபீஸ் கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு, "சின்ன மீனுன்னு எழுதினா எப்படிமா? அதுக்கு ஒரு பேரு வேணும், யாராவது படிச்சவங்க சொல்லணும்" என்றார். படித்தவன் என் வீட்டிலேயே இருக்கிறானே என்று மார் நிமிர்த்திக்கொண்டு வந்தேன். நான்கு மீனைப் பிடித்தேன். இனிமேல் எழுதுவது என் பெரிய முட்டாள்தனம், குழுவில் படிக்கும்போது சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மீன் கெடாமல் இருக்க வேண்டுமே என்று, உப்பு பூக்கப்போகிற கடைசிப் பாத்தித் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி, மேலே ஒரு பிடி கல்லுப்பும் போட்டு, அதில் அந்த நான்கையும் முக்கி மூடினேன். உப்பில் போட்டால் எதுவும் கெடாது என்று நம்பியே வளர்ந்தவள் நான். நீ ஊருக்கு வந்தபோது அதை உன் கையில் கொடுத்து, உங்கள் ஆபீசில் மீன் சோதிக்கிற சாரிடம் காட்டிப் பெயர் வாங்கி வரச் சொன்னேன். உப்பு அந்த மீனைச் சுருக்கி, கோட்டை வெளுக்கவைத்து, நூல் மாதிரி இருந்த மீசையைக் கரைத்தோ ஒடித்தோ விட்டது. சார் பார்த்தார், மீசை இல்லை. பொட்டு மீன் என்று எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? பாட்டில் தண்ணீரையும் சோதித்தார். ரிப்போர்ட்டில் நானே படித்தேன்: 'உள்ளூர்வாசி அளித்த மாதிரி நீரில் உப்பு மிக அதிகம்.' அந்த அளவு உப்பு ஓடையில் இருந்தால் நாங்கள் ஏன் பாத்தி கட்டி மாரடிக்கிறோம்? ஓடைக் கரையிலேயே உட்கார்ந்து உப்பை வாரியிருக்கலாமே!

நான் உன்னைக் கேட்டேன். "சார்தான் எழுதினாரு, நான் இன்னாம்மா பண்றது?" என்றாய். ஏழுமலை, பாட்டில் என் தப்பு. அதை எந்த ஆபீசிலும், எத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாத்தித் தண்ணீர் என்று உனக்குத் தெரியும், பாட்டிலை வாங்கும்போதே, "இன்னாம்மா, ஊறுகாயா போட்டுக் குடுக்கற?" என்று கேலி செய்தவன் நீ. மீசை இருந்த மீன் என்றும் உனக்குத் தெரியும். சார் மீனைப் பார்த்த அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நீதான். வாய் திறக்கவில்லை பார், அது உன் தப்பு. அதை நான் சுமக்க மாட்டேன். உனக்காக எத்தனையோ சுமந்திருக்கிறேன், இதை மட்டும் நீயே சுமந்துகொள்.

போன ஐப்பசி கார்த்திகையில் மழை எப்படிக் கொட்டியது என்று நீயும் அங்கே பார்த்திருப்பாய். ஏரி உடையுமோ என்று பயந்தோம். ஓடை இரு கரையும் முட்டிக்கொண்டு ஓடி, கடல் விட்டுப்போன உப்பையெல்லாம் அலசிக் கழுவெளியில் தள்ளியது. இந்தத் தடவை நான் வீட்டில் உட்காரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தினமும் போனேன். மார்கழியில் தண்ணீர் தெளிந்தபோது ஊற்றுக்கேணி வளைவில், கோரைக்கு நடுவே, கூட்டம் கூட்டமாக மீசைப்பொடி. கை நிழல் விழுந்தால் துள்ளி எகிறுகிறது. குஞ்சுகளும் இருந்தன. நான் கரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் யாரோ செத்துப்போனதாக நினைத்து ஓடிவந்தார்.

இந்தத் தடவை உப்பு இல்லை. மண்பானையில் ஓடைத் தண்ணீர், அதில் ஓடைப் பாசி, அதில் ஆறு மீன். பானை வாயை ஈரத்துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் ஏறினேன். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. துணி நெகிழ்ந்து ஒன்று எகிறிக் கண்டக்டரின் பைக்குள் விழுந்துவிட்டது. "இன்னாம்மா இது, மீனுக்கும் டிக்கெட் எடுத்தியா?" என்று கத்தினார். "அது கோர்ட்டுக்குப் போற சாச்சி, பாத்து எடுப்பா" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவர் சில்லறைக்கு நடுவில் கைவிட்டு அதைப் பதமாக எடுத்துப் பானையில் விட்டார். அதற்கப்புறம் கோட்டக்குப்பம் வரும்வரை அவரே இரண்டு தடவை வந்து உயிரோடு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

கல்லூரியில் மீன் பாடம் எடுக்கும் ஒரு டீச்சரம்மாவைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். பானையை எட்டிப் பார்த்தவுடன், "மீசை எவ்ளோ நீளம்!" என்றார். உன் குரல்தான் எனக்குக் கேட்டது. கண்ணாடித் தொட்டியில் விட்டு, கோட்டைப் பார்த்து, செதிலை எண்ணி, மீசை எதுவரை எட்டுகிறது என்று அளந்து, எசோமஸ் என்று தொடங்குகிற ஒரு புத்தகப் பெயரைச் சொன்னார். என் வாயில் நுழையவில்லை, எழுதி வாங்கிக்கொண்டேன். பெயர் மட்டும் போதாது, இருக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும் என்று மறுவாரம் அவரே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அடியில் மணலா சேறா, என்ன பாசி, எத்தனை நிழல், எந்த மாசம் வரை ஓடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கலங்கலிலிருந்து ரோட்டுப் பாலம் வரைக்கும் ஏழு இடத்தில் தண்ணீரைச் சோதித்தார். பாலத்தடியில் மட்டும்தான் உப்பு. "இது நல்ல தண்ணி ஓடைதாங்க. இந்த மீனு இங்க பொழைக்குது, குஞ்சு பொரிக்குது. நான் எழுதித் தரேன்" என்றார். நான் கேணியில் ஒரு சொம்பு மொண்டு கொடுத்தேன். முழுதும் குடித்தார்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். பொறுத்துப் போ, விட்டுக்கொடு என்று எல்லாரும் உனக்குச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நான் பொறுத்துப்போய்த்தான் வடக்கு ஓடையை விட்டுக்கொடுத்தேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற செண்பகத்திடம் இந்தச் சங்கதியை நீயே சொல். அவள் அப்பாவுக்குப் பயந்து அவளிடம் மறைத்தால், நாளைக்கு அவளுக்குப் பயந்து பிள்ளைகளிடம் மறைப்பாய், பயம் வீட்டோடு தங்கிவிடும். இதற்காகக் கல்யாணம் நின்றுவிடும் என்கிறாய். நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசையா? பட்டுப்புடவையை மூன்று தடவை பிரித்து மடித்துவிட்டேன். உன் வேலை போனால் என்ன செய்வாய் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போவேன்.

கடைசியாக ஒன்று. இதற்கு நீ கோபப்படலாம். டீச்சரம்மாவின் காகிதத்தில், இந்த ஓடையில் இந்த மீனை முதலில் அடையாளம் கண்டவர் என்று ஓர் இடம் இருந்தது. "உங்க பேர் போடட்டுமா?" என்று கேட்டார். "இல்லங்க, ஏழுமலைன்னு போடுங்க" என்றேன். "இன்னா படிச்சிருக்காரு?" என்றார். "அப்ப ரெண்டாவது" என்றேன். டம்ளர் கதையைச் சொன்னேன். அதையும் இரண்டு வரி எழுதிக்கொண்டார். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். பெற்று, பெயர் வைத்தவள் நான், ஒரு இடத்தில் எழுதக்கூடவா எனக்கு உரிமை இல்லை?

திங்கட்கிழமை அந்த மேசைமேல் இரண்டு காகிதம் இருக்கும். இரண்டிலும் உன் பெயர். ஒன்றில் மீன் இல்லை என்கிற ஏழுமலை. இன்னொன்றில் டம்ளரைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடிவருகிற ஏழுமலை. அதிகாரி யாரை நம்புவார் என்று எனக்குத் தெரியாது. உன் பெயரை எதிலிருந்து அடிக்கச் சொல்வாய் என்று நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் நான் கொடுத்த காகிதத்திலிருந்து அதை நான் அடிக்க மாட்டேன், உன் மாமனார் வந்து கேட்டாலும் சரி, நீயே வந்து கேட்டாலும் சரி. அன்றைக்கு நீ டம்ளரை நீட்டியபோது நான் குனிந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். மீசை இருக்குதுடா.

நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ தங்கியிருக்கிற இடத்தில் குடிக்கிற தண்ணீர் கரிக்கிறது என்று போன மாசம் சொன்னாயே. கல்யாணத்துக்கு வரும்போது காலி கேன் ஒன்று கொண்டுவா. நம் கேணித் தண்ணீர் ரொப்பித் தருகிறேன்.

உன் அம்மா